சத்தம் போடாத விமானத்தைப் பற்றிச் சத்தம் போடுகிறவர்களுக்கு

நேற்று முன்தினம் வந்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனில் தயாரான சிறிய பயணிகள் ஜெட்டான பிஏஇ 146 விமானத்தை 'நான்கு இன்ஜின் மாட்டிய சவப்பெட்டி' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார் அந்தத் தம்பி. நகைச்சுவை உணர்வு வாழ்க.

இந்த விமானம் சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்ற ஒரே விஷயத்தைத்தான் நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1981 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதன்முதலாகப் பறந்தபோதே அதன் இன்ஜினில் ஒரு கியர்பெட்டி இருந்தது. உள்ளே டர்பைன் வேகமாகச் சுழன்றாலும் முன்னால் இருக்கும் விசிறி நிதானமாகவே சுழலும் என்பதால் காதைக் கிழிக்கும் அந்த அலறல் எழாது. நகரத்தின் நடுவே, குட்டையான ஓடுபாதையோடு, சாதாரண மூன்று டிகிரிக்குப் பதிலாக ஐந்தரை டிகிரிச் சரிவில் இறங்க வேண்டிய லண்டன் சிட்டி விமான நிலையத்துக்குள் ஜெட் விமானம் நுழைய முடிந்ததற்கு, செங்குத்தாக இறங்கும் திறனோடு இந்த அமைதியும் ஒரு காரணம்.

நான் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில், பெக்டனில் குடியிருப்பவன். தொண்ணூறுகளில் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுப்பேன். தலைக்கு மேலே ஜெட் போகும், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு விமானத்துக்கு யார் தர முடியும்? உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சத்தம் உண்டு. சூரிச்சில் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃபிளாப் இறங்கியதும் எழுந்த அந்த ஊளையைக் கேட்டு, என் நான்கு வயது மகன், "அப்பா, கீழே மாடு கட்டியிருக்கா?" என்று கேட்டான். முன் இருக்கைக்காரரும் தமிழர் போலும், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

'2016இல் பிரேசிலின் சாபெகோயென்ஸ் கால்பந்துக் கழக அணி ஏறத்தாழ முழுவதுமே இந்த வகை விமானத்தில் அழிந்ததே' என்று உடனே வருவீர்கள். அழிந்தது, 71 உயிர்கள். அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் பொலிவியாவிலிருந்து கொலம்பியாவுக்குப் போதுமான எரிபொருள் இல்லாமல், வழியில் நிரப்பவும் செய்யாமல் கிளம்பியது மனிதர்களா, இன்ஜினா? பெட்ரோல் போடாமல் வண்டியை எடுத்துவிட்டு வண்டியைத் திட்டுவீர்களா? இந்த விமானத்தின் கேபினுக்குள் இன்ஜின் எண்ணெய் ஆவி வருகிறது என்ற புகாரை ஆஸ்திரேலிய செனட் குழுவே விசாரித்தது என்பீர்கள். தெரியும், மறுக்கவில்லை. அதைப் பேச இது இடமில்லை.

சரி, தோற்றுப்போன விமானம் என்றே வைத்துக்கொள்வோம். பூட்டானின் பாரோ பள்ளத்தாக்குக்கு 1988இல் ட்ரூக் ஏர் நிறுவனத்தின் முதல் ஜெட்டாகப் போனது எது? ஐரோப்பிய நகரங்கள் உறங்கும் நேரத்தில் சரக்கு ஏற்றிச் சென்றது எது? பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சுமந்தது எது? அமெரிக்காவில் காட்டுத்தீயின் மேல் ஒரே தடவையில் ஏறத்தாழ 11,000 லிட்டர் தீத்தடுப்புத் திரவத்தைக் கொட்டுவது எது? தென் சிலியிலிருந்து அண்டார்க்டிகாவின் சரளைக்கல் ஓடுபாதையில் போய் இறங்குவது எது? சரளைக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், இல்லைதான். இறக்கை உயரத்தில் இருப்பதால் கல் இன்ஜினுக்குள் போவது குறைவு, அவ்வளவுதான். நம் பருவமழையை அளக்க 2016இல் பெங்களூரில் வந்து நின்ற ஆய்வு விமானமும் இதே வகைதான். அப்போது யாரும் அதைச் சவப்பெட்டி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"பழையதைப் பிடித்துத் தொங்காதீர்கள் அங்கிள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தொங்க வேறு எதுவும் இல்லை என்று அவருக்கு யார் சொன்னது? இப்போது வரும் விமானங்களுக்கு என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எனக்கு இரவு வேலையும் இல்லை, பகல் தூக்கமும் இல்லை.

காணொளியை அனுப்பிய ஒன்பது பேரில் ஒருவன் என் மகன். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். மாட்டைப் பற்றிக் கேட்டவன்தான்.