பறவை வரவில்லையா, ரிசீவர் கேட்கவில்லையா?

பறவையின் உடலில் பொருத்திய டேக் என்ற சிறு ரேடியோ கருவியின் சிக்னலைக் கோபுரத்தில் உள்ள ரிசீவர் கேட்டுப் பதிவுசெய்வதுதான் காட்டுயிர் ரேடியோ கண்காணிப்பு. அதில் அடியோடு செத்துப்போன ரிசீவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தரவு நின்றுவிடும், யாராவது போய்ப் பார்த்து மாற்றிவிடுவார்கள். விளக்கு எரிய, மணிக்கொரு கோப்பு எழுத, காது மட்டும் அடைத்துப்போய்க் கிடக்கிறதே, அந்த ரிசீவர்தான் பயமுறுத்துகிறது. அதன் தரவில் பூஜ்யம் இருக்கும். அந்தப் பூஜ்யத்தை ஆய்வாளர் 'பறவை இந்தப் பக்கம் வரவில்லை' என்று படித்துவிடுவார். அதனால் சென்சார்க்னோம் போன்ற திறமூல ரிசீவர் மென்பொருளில் புது வசதி எதையும் சேர்க்கும் முன், 'இந்த மணி நேரத்தில் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்' என்பதற்கான சான்றை ஒவ்வொரு கோப்பிலும் எழுத வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது ஏன் இவ்வளவு நுட்பமான சிக்கல் என்பது டேக் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. மோட்டஸ் என்ற காட்டுயிர் கண்காணிப்பு வலையமைப்பில் வட அமெரிக்காவில் பயன்படும், லோடெக் நிறுவனத்தின் நானோடேக்குகள் எல்லாமே 166.380 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் பேசுகின்றன. ஒவ்வொரு முறையும் 4 துடிப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 2.5 மில்லிவினாடி. அவற்றுக்கிடையே உள்ள 3 இடைவெளிகளிலும், அடுத்த தொகுதி எத்தனை வினாடி கழித்து வருகிறது என்பதிலும்தான் டேக்கின் அடையாளம் இருக்கிறது. கோபுரத்தடியில் இருக்கும் ரிசீவர் துடிப்பின் நேரம், அதிர்வெண் விலகல், வலிமை, சுற்றியுள்ள இரைச்சல் ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். எந்தப் பறவை என்று கண்டுபிடிப்பது பின்னால் சர்வரில் நடக்கும். இந்தப் பிரிவினை மிக நல்லது. கண்டறியும் முறை மேம்பட்டால் பழைய தரவை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று துடிப்புகளை ரிசீவரிலேயே வடிகட்டித் தள்ளும் எந்தத் திருத்தத்தையும் பராமரிப்பாளர் ஏற்கக் கூடாது.

காது எங்கே அடைக்கிறது? மூடிய பெட்டி வெயிலில் காயும்போது ரிசீவருக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. வழியாக வரும் ரேடியோ சிக்னலின் மாதிரிகள் (சாம்பிள்கள்) ஆங்காங்கே விழுந்துபோகும். துடிப்புகள் பதிவாகும், ஆனால் இடைவெளிக் கணக்கு தவறியிருக்கும், ஒரு டேக்கும் அடையாளம் தெரியாது. ஆன்டெனாவின் சிக்னலைக் கணினிக்குக் கொடுக்கும் மலிவான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் சூட்டில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் 166.380-இல் அது சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. அதிர்வெண் வரம்பைக் குறுக்கி வைத்திருந்தால் நண்பகலில் மட்டும் பறவைகள் மாயமாகும். வெப்ப ஈடுசெய்யும் படிகம் உள்ள டாங்கிள்தான் இதற்குச் சரி.

இன்னொன்று, அமைப்புக் கோப்பில் 166.376 என்று இருப்பதைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என நினைத்து 166.380-க்குத் 'திருத்தி'விடாதீர்கள். டாங்கிளின் நடு அதிர்வெண்ணில் எப்போதும் ஒரு போலிச் சிகரம் நிற்கும். அதன் மேல் டேக் விழாதிருக்கவே 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரி விளக்கம் கோப்பிலேயே கருத்துரையாக இருக்க வேண்டும்.

லினக்ஸ் கர்னல் ஆர்.டி.எல். டாங்கிளைத் தொலைக்காட்சிக் கருவி என்று எடுத்துக்கொண்டுவிடும். அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் போட வேண்டும், ஒவ்வொரு இயங்குதள மேம்படுத்தலுக்குப் பிறகும் அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கிளுக்கு எண் கொடுப்பது, அது எந்த யு.எஸ்.பி. துளையில் செருகப்பட்டுள்ளது என்பதை வைத்தே இருக்க வேண்டும். இயங்குதளம் கண்டுபிடித்த வரிசைப்படி எண் கொடுத்தால், ஒரு மறுதொடக்கத்தில் வடக்கு ஆன்டெனாவும் தெற்கு ஆன்டெனாவும் இடம் மாறிக்கொள்ளும், தரவில் பறவை எதிர்த்திசையில் பறக்கும்.

நேரம் இதைவிட மோசமாகக் காலை வாரும். 2021 அக்டோபர் 24 அன்று, ஜி.பி.எஸ். கருவியிலிருந்து நேரத்தைப் படித்துத் தரும் ஜி.பி.எஸ்.டி. மென்பொருளின் 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகளில் இருந்த பிழை, தேதியை 1024 வாரம் பின்னுக்கு, 2002 மார்ச்சுக்குத் தள்ளக்கூடியதாக இருந்தது. திருத்திய 3.23 அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் தீவிலும் மலையுச்சியிலும் நிற்கும் பெட்டிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். ஜி.பி.எஸ். நேரம் கிடைக்கும் வரை எழுதிய வரிகளுக்குத் தனி அடையாளம் இருக்கட்டும். கிடைத்த பிறகு கடிகாரத்தை ஒரேயடியாகத் தாவ விடாமல் மெல்ல நகர்த்துங்கள். தொகுதியின் நடுவில் தாவினால் அந்தப் பறவை போயிற்று.

எஸ்.டி. கார்டு விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான்: இயங்குதளப் பகுதி படிக்க மட்டும், தரவுக்குத் தனிப் பகுதி, எழுதியதை அடிக்கடி கார்டில் இறக்குதல். வலசைக் காலத்தில் மேம்படுத்தல் வேண்டாம்.

அப்படியானால் சான்றாக எதையெல்லாம் எழுத வேண்டும்? ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் மணிக்கு ஒருமுறை இரைச்சல் அளவு, துடிப்புகளின் எண்ணிக்கை, விழுந்துபோன மாதிரிகள், செயலியின் வெப்பம், மின்னழுத்தம் குறைந்ததா, ஜி.பி.எஸ். பூட்டு (செயற்கைக்கோள் சிக்னல் பிடிபட்ட நிலை) இருந்ததா. சில நூறு எழுத்துக்குள் அடங்கிவிடும். இரைச்சல் திடீரென்று 10 டெசிபல் ஏறினால், புதிதாக மாட்டிய சோலார் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். சரேலென்று இறங்கி அங்கேயே நின்றால் கேபிள் கழன்றிருக்கலாம். களத்துக்குப் போகிறவர்கள் ஒரு சோதனை டேக்கை ஒவ்வொரு ஆன்டெனாவின் திசையிலும் 50 மீட்டராவது தள்ளி 5 நிமிடம் பிடித்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் வைத்தால் எல்லா ஆன்டெனாவிலும் கேட்கும், எண் மாறியிருப்பது தெரியாது.

ஆய்வுத் திட்ட மதிப்பீடுகளில் டேக்குக்கும் கோபுரத்துக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். மென்பொருளைக் கவனிப்பவரின் மணிநேரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பணம் முடியாதென்றால் பதிவுகளாவது கொடுங்கள். பிழை சொல்லும்போது 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. மென்பொருள் பதிப்பு, டாங்கிளின் வகை, முந்தைய 24 மணி நேர இரைச்சல் அளவுகள், ஒரு நிமிட மூலப் பதிவு, இவை போதும். நொடிக்கு 48,000 மாதிரி என்றால் அந்த ஒரு நிமிடம் சுமார் 11.5 எம்.பி. அப்படிச் சேரும் பதிவுகளை ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஓட்டிப் பார்த்து, பழைய பதிப்பு பிடித்த துடிப்பில் ஒன்று குறைந்தாலும் காரணம் தெரியும் வரை வெளியீட்டை நிறுத்தி வைக்கலாம்.