ஒரே புலியைப் பத்துப் புலியாக எண்ணுகிறார்களா?

“ஒரே புலி பத்து கேமராவில் விழுந்தால் பத்துப் புலி என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள்” என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. தவறு.

புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கே இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு. அதனால்தான் காட்டுப் பாதையில் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுகிறார்கள். படங்களைக் கணினியில் வரி வரியாக ஒப்பிட்டு, ஒரே புலி என்றால் ஒன்றாகவே சேர்க்கிறார்கள்.

இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பையே பாருங்கள். புலி விழுந்த படங்கள் 76,651. அவற்றில் அடையாளம் கண்ட புலிகள், குட்டிகள் நீங்கலாக, 2,461தான். வாட்ஸப் கணக்குப்படி பார்த்தால் நாட்டில் முக்கால் லட்சம் புலி இருக்க வேண்டுமே!

சரி, அறிவித்த எண்ணிக்கை 2,967 ஆயிற்றே? கேமராவில் சிக்காத மிச்சம் மட்டும் கேமராப் படங்கள், கால்தடம், எச்சம், இரை விலங்குகளின் அளவு இவற்றை வைத்துப் போட்ட மதிப்பீடு.