பூனையே மணி கட்டிக்கொள்ளுமா?

1995 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் 12 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்பது கேள்வி. ஆதரவு 227, எதிர்ப்பு 204. ஜெயித்துவிட்டதே என்றால், இல்லை. திருத்தத்துக்கு, ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 288 ஓட்டு வேண்டும். அந்த 227 பேரும் தொகுதிக்குப் போய் "நான் ஆதரித்தேன்" என்று மார்தட்டிக்கொள்ளலாம். நாற்காலியும் பத்திரம்.

பதவிக்கால வரம்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'ஏன் வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது சுலபமான பாதி. யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமோ, சட்டம் போடுகிறவர்களும் அவர்களேதான். பூனையிடமே மணியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்கிற கதை.

சபையைச் சுற்றிக்கொண்டு போகவும் வழி உண்டு. 1990-ல் கலிஃபோர்னியாவில் கையெழுத்துத் திரட்டி, நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய், மாநில சட்டமன்றத்துக்கு வரம்பு போட்டார்கள். சட்டமன்றத்தின் சம்மதமே தேவைப்படவில்லை. ஆனால் 1992-ல் ஆர்கன்சா வாக்காளர்கள் இதே வழியில் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வரம்பு வைத்தபோது, 1995-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தள்ளிவிட்டது. அரசியல் சட்டம் சொல்லாத தகுதியை ஒரு மாநிலம் தானாகச் சேர்க்க முடியாதாம். தவிர, மக்களே சட்டம் கொண்டுவரும் வசதி எல்லா நாடுகளிலும் கிடையாது.

அப்போது சபையே மனசு வைத்தால்தான் உண்டு. மனசு வைக்க என்ன செய்வது? இருப்பவரை விட்டுவிடுவது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்து, பதவியிலேயே 1945-ல் இறந்தார். அதன்பின் வந்த 22-வது திருத்தம், அதிபராக ஒருவர் இரண்டு முறைதான் தேர்வாகலாம் என்றது. 1947-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் தந்து, 1951-ல் அமலுக்கு வந்தது. அதில் ஒரு வரி: முன்மொழியப்பட்டபோது பதவியில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அதாவது, அப்போதைய அதிபர் ட்ரூமனுக்கு விலக்கு. 1952-ல் அவர் விலகிக்கொண்டதுகூட கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் தோற்ற பிறகுதான். சட்டம் அவரைத் தடுக்கவில்லை. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நான் விலை என்பேன். ஒருவரை விட்டுவிட்டு, பின்னால் வரும் அத்தனை பேரையும் கட்டிப்போட்டாயிற்று. மோசமான பேரம் இல்லை.

சரி, போட்ட வரம்பு நிற்குமா? நியூயார்க் நகரில் மக்கள் இரண்டு முறை வாக்கெடுப்பில் உறுதி செய்த வரம்பை, 2008-ல் நகர மன்றம் 29-22 என்று தளர்த்தியது. மேயர் ப்ளூம்பெர்க் மூன்றாவது முறையும் வந்தார். இலங்கையில் 2010-ல் 18-வது திருத்தம் இரண்டு முறை வரம்பையே எடுத்துவிட்டது. அப்போது அதிபராக இருந்த மகிந்த ராஜபக்ச 2015-ல் மூன்றாவது முறை நின்றார். தோற்றார் என்பது வேறு விஷயம்.

இதற்குத் தென் கொரியாவின் 1987 அரசியல் சட்டத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. அதிபருக்கு அங்கே ஐந்தாண்டு, ஒரே முறை. அதை மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தாராளமாக மாற்றலாம், ஆனால் மாற்றத்தை முன்மொழியும்போது பதவியில் இருக்கும் அதிபருக்கு அந்தப் பலன் கிடையாது. ட்ரூமன் விலக்கை அப்படியே திருப்பிப் போட்டதுபோல. தனக்கு இல்லாத பந்திக்கு யார் இலை போடுவார்?

இனி எங்காவது பதவிக்கால வரம்பு மசோதா என்று நீட்டினால், எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்பதை அப்புறம் படித்துக்கொள்வேன். வரம்பு போடும்போது இருப்பவருக்கு விலக்கு, தளர்த்தும்போது இருப்பவருக்குப் பலன் இல்லை என்ற இந்த இரண்டு வரிகளும் அதில் இருக்கின்றனவா என்றுதான் முதலில் தேடுவேன்.