வசனத்தைக் காட்டு என்றால் எந்த வசனத்தை?

அடுத்த வருஷத்திலிருந்து நம்மூர் காணும் பொங்கல் டிராமா வசனத்தைப் பத்து நாளைக்கு முன்பே விழாக் கமிட்டியிடம் கொடுத்துவிட வேண்டுமாம். ஐந்து பேர் உட்கார்ந்து படித்து, ‘ஆட்சேபகரமான’ இடங்களை அடித்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். தீர்மானத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸாப் குரூப்பில் போட்டு, கீழே வரிசையாகக் கும்பிடு கைகள் வேறு. யாரைக் கும்பிடுகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

இந்த வருஷ டிராமா நடந்த ராத்திரி யார் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாதியில் எழுந்து போனார், மறுநாள் காலையில் யார் யாருக்கு போன் வந்தது என்பதெல்லாம் நம்மூர் ஆட்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. டிராமா போட்ட பையன்களிடம் எழுதி வாங்கிய கடிதத்தைப் பற்றியும் பேசவில்லை; பேசினால் எனக்கு வேறு வார்த்தை வந்துவிடும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வசனத்தைக் காட்டு என்கிறீர்களே, எந்த வசனத்தை?

நம் டிராமா நோட்டை நீங்கள் யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திரைக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு குந்திக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான். நாற்பது பக்க நோட்டு. ராஜா பேசுவது இருக்கும், மந்திரி பேசுவது இருக்கும். கோமாளி வரும் இடத்தில் ‘கோமாளி வருகை’ என்று எழுதி, கீழே அரைப்பக்கம் காலியாக விட்டிருக்கும். சில இடத்தில் ‘இங்கே ஏதாவது பேசவும்’ என்று இருக்கும். அவ்வளவுதான். ஊர் வயிறு வலிக்கச் சிரித்ததெல்லாம் அந்தக் காலி இடத்தில் நடந்தது. ஐந்து பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெள்ளைத் தாளைத்தான் படிக்கப் போகிறீர்களா?

இந்த வருஷ நிகழ்ச்சியை நான் முழுதாகப் பார்த்தேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குரூப்பில் நியாயம் பேசுகிற பாதிப் பேர் பார்த்தது அந்தத் துண்டு வீடியோவை மட்டும். ரெண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்துக் கட்டிய மேடை, பின்னால் தார்ப்பாய், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனியில் உட்கார்ந்த ஜனம். முதல் சீனில் காவிரித்தாய் நீல நைலான் புடவையும் காலி பிளாஸ்டிக் குடமுமாக ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். “177.25 டி.எம்.சி.ன்னு சுப்ரீம் கோர்ட்டே 2018ல எழுதிக் குடுத்திருக்கு, இந்தா ஸ்மார்ட் கார்டு” என்கிறாள். கடைக்காரன், “எனக்கு நிரம்பி வழிஞ்சா மிச்சத்தை வந்து எடுத்துக்கம்மா, இப்ப ஓடிபி வரல” என்கிறான். அப்புறம் கோமாளி வந்து ஜூன் 12ல் மேட்டூர் அணை திறக்கிற கதையை ஆரம்பித்தான். “மேட்டூர்ல பெரியவங்க பூவும் நெல்லும் தூவினாங்க. பூ கல்லணைக்கு வந்துச்சு. நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்துச்சு. நம்ம வாய்க்காலுக்கும் வந்துச்சு. பூதான் வந்துச்சு.” கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு பத்து நாள் காத்துக்கிடந்து அழுகிற விவசாயியைப் பார்த்து ஈரப்பதம் பார்க்கிறவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “யோவ், 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டோம். மொதல்ல அழுவுறத நிறுத்து, நெல்லு நனையுது.”

இதற்கெல்லாம் முதல் வரிசை சிரித்தது. பந்தல் செலவு கொடுத்த ஆளுங்கட்சி அண்ணனும் சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்ததைப் பக்கவாட்டிலிருந்து நான் பார்த்தேன். சுப்ரீம் கோர்ட்டைக் கிண்டல் பண்ணலாம், மத்திய அரசைப் பண்ணலாம், மாநில அரசைப் பண்ணலாம், பக்கத்து மாநிலத்தைப் பண்ணலாம். அதுவரை எல்லாம் கலை.

தூர்வாருகிற சீன் வந்தபோதுதான் கலை செத்துப்போனது. ஒரு பையன் பொக்லைன். கையை நீட்டி நீட்டி மடக்குகிறான், வாயாலேயே எஞ்சின் சத்தம். கரையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தன் போட்டோவுக்குச் சிரித்தபடி நிற்கிறான். பொக்லைன் வாய்க்காலைத் தொடவில்லை. மேலே இருக்கிற புல்லை மட்டும் நுனியில் கிள்ளி, ஒவ்வொரு தடவையும் அந்த வேட்டிக்காரன் சட்டைப் பையில் கொண்டுபோய்ப் போடுகிறது. பை நிரம்பியதும் அவன் இன்னொரு பையைக் காட்டுகிறான். சீன் முடிந்தது. கவனியுங்கள், அதில் வசனமே கிடையாது. ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்கு உங்கள் கமிட்டி நோட்டை வாங்கிப் பார்த்தால் ‘பொக்லைன் வருகை’ என்று இருக்கும். பேஷ் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

பெயர் சொன்னார்களா? கட்சி சொன்னார்களா? கரை வேட்டிகூட இல்லை, ஊரில் எல்லாரும் கட்டுகிற வெறும் வெள்ளை வேட்டி. தானாக எடுத்து மாட்டிக்கொண்டவரை நாம் என்ன செய்வது?

நாடகத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கும் புத்தி புதிதில்லை. 1876லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். போட்டு என்ன கண்டான்? நாடக நடிகர் விசுவநாததாஸ் வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக வந்து வெள்ளைக்காரனை விளாசினார். எழுத்தில் பார்த்தால் வெறும் வள்ளி திருமணம். அவரைத் திரும்பத் திரும்ப ஜெயிலில் போட்டார்கள். 1940ல் முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிரை விட்டார். சுதந்திரம் வந்த பிறகு, 1954ல் நம் ஆட்களே ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்பார்கள். அவரோ காலையில் பேப்பரில் வந்ததை ராத்திரி மேடையில் பேசுகிறவர் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் எதை முன்கூட்டி வாங்குவது? அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி. ஆக, கலெக்டருக்கும் போலீஸுக்கும் வேண்டாம் என்று கோர்ட் பிடுங்கிப் போட்ட வேலையை, கோரையாற்றுக் கரையில் ஒரு பொங்கல் விழாக் கமிட்டி மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்துச் செய்யப் போகிறது. வாழ்த்துகள்.

‘உன் அப்பாவை இப்படி ஆடியிருந்தால் தெரியும்’ என்று ஒரு சித்தப்பா எழுதியிருக்கிறார். சித்தப்பா, ஆடினார்கள். நீங்கள் அப்போது வெளிநாட்டில் இருந்தீர்கள். அப்பா கட்சியில் கிளைச் செயலாளர். யார் எது கேட்டாலும் “மனு குடுத்திருக்கேன், மேல பேசியிருக்கேன்” என்பார். டிராமாவில் ஒருத்தன் டி.வி.எஸ். 50 ஹேண்டில்பாரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து, பிரசவ வலியில் துடிக்கிறவளிடமும் அதே வசனத்தைச் சொன்னான். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெருப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தாலே ‘மேல பேசியிருக்கேன்’ என்று கத்தும். அப்பா டீக்கடைக்கு வேறு தெரு வழியாகப் போனார். நடித்தவனிடம் ரொம்ப நாள் பேச்சே இல்லை. பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் கிடையாது, நன்றாகக் கோபப்பட்டார். ஆனால் அடுத்த தை வந்ததும் விழா வரியைக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை என்ன பேசப் போகிறீர்கள், நோட்டைக் கொண்டா என்று கேட்கவில்லை.

இன்னும் சில பேருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபாசமாக இருந்தது என்கிறீர்கள். ரேஷன் கடை சீனில் பெண் வேஷக்காரன் இடுப்பை அவ்வளவு ஆட்டியிருக்க வேண்டியதில்லை. சரி. அதைச் சொல்ல ஐந்து பேர் கமிட்டி எதற்கு, அவன் அம்மா ஒருத்தி போதும்.

பந்தல் செலவு அண்ணன் கொடுத்தது என்கிறீர்கள். கொடுத்தார், இல்லை என்று யார் சொன்னது? ஃபிளெக்ஸில் அவர் முகம் பொங்கல் பானையைவிடப் பெரிதாக இருந்ததே, அதற்கு ஈடாகிவிட்டது. மைக் செட்டுக்காரர் பாதி வாடகையை விட்டுக்கொடுத்தாரே, அவர் போய் வசனம் கேட்டாரா?

ஒரு கட்சியை மட்டும் குறி வைத்தார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. போன தடவை வேறொரு கட்சிக்காரரை ஊன்றுகோலோடு நடக்கவிட்டுக் காட்டியபோது விசில் அடித்தது யார், வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஆட்சியில் இருக்கிறவனுக்கு அடி அதிகம் விழத்தான் செய்யும். யார் ஆட்சியில் இருந்தாலும் விழுந்திருக்கிறது. பாலம் கட்டுவது, மதகு திறப்பது, கொள்முதல் நிலையத்துக்கு ரிப்பன் வெட்டுவது எல்லாம் அவர்கள். அப்புறம் கோமாளி யாரைப் பற்றிப் பேசுவான்? வாய்க்கால் நண்டைப் பற்றியா?

ஊர் அமைதி கெடும், தெருவுக்குத் தெரு பிரச்சினையாகும் என்று ஒருவர் எழுதியதைப் படித்தபோது மட்டும் கொஞ்சம் யோசனை வந்தது. டெல்டாவில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, தெரியும். ஆனால் அன்றைக்கு எழுந்து போனவர் தெருவுக்காக எழுந்து போகவில்லையே.

கடைசியாக அந்த வார்த்தை. ‘வெளியூரில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்லாதே.’ இதை எழுதியவன் யார் என்று எனக்குத் தெரியும், நான் டார்ச் அடித்து வசனம் எடுத்துக் கொடுத்தபோது மேடையில் நாக்குழறி நின்றவன். திருச்சியில் வேலை பார்த்தால் வெளியூர்க்காரனா? கஜா புயல் அடித்த வாரம் பால் பவுடரும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு வந்தபோது வெளியூர்க்காரன் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது புத்தகத்தை வாட்ஸாப்பில் அனுப்பும்போது வெளியூர்க்காரன் இல்லை. ஃபிளெக்ஸ் அடிக்கும்போதும் வாய் திறக்கும்போதும் மட்டும் வெளியூர்க்காரன். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்தத் தீர்மானத்தின் கீழே ‘வெளியூரில் உள்ள உறுப்பினர்களும் ஒப்புதல்’ என்று எழுதி, பெயர்ப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருக்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஒப்பவில்லை. தலைவர் பெரியப்பாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மினிட்ஸ் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுங்கள். வரி வழக்கம்போல மார்கழிக் கடைசியில் வந்துவிடும், அதில் மாற்றமில்லை. ஆனால் டிராமாவுக்கென்று தனியாகக் கொடுப்பதைக் கமிட்டி கையில் தரமாட்டேன், பையன்களிடமே கொடுத்துக்கொள்கிறேன். நாற்பது பக்க நோட்டும் நானே வாங்கித் தருகிறேன்.