மைசூர்பாக் சாம்பிளும் லோகோ சாம்பிளும்

"ஒரே ஒரு சாம்பிள் போட்டு அனுப்புங்க தம்பி, பிடிச்சா பேமென்ட் பேசிக்கலாம்." டிசைன் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்காத மாதமே இல்லை.

போன வாரம் பேசிய பேக்கரிக்காரர் கொஞ்சம் விவரமானவர். முடியாது என்றதும், "ஸ்வீட் ஸ்டால்ல சாம்பிள் குடுக்கறதில்லையா? ருசி பாத்துட்டுத்தானே அரைக்கிலோ வாங்குறோம்" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் வந்தது. (எனக்கு எப்போதும் அப்படித்தான்.) கடைக்காரர் கிள்ளிக் கொடுப்பது ஏற்கெனவே கிளறித் தட்டில் கொட்டி வெட்டிய மைசூர்பாக். நீங்கள் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார். உங்கள் கடைப் பெயருக்கு நான் போட்ட லோகோவை நீங்கள் வேண்டாம் என்றால் யார் தலையில் கட்டுவது? ருசி பார்க்கத்தான் என் பழைய வேலைகள் இருக்கின்றனவே. மணிக்கணக்கில் பாருங்கள், காசு கேட்க மாட்டேன்.

இதைச் சொன்னால் யாராவது ரூபாய்க் குறியீட்டைக் கொண்டுவருவார்கள். "போட்டிக்கு அனுப்பித்தானே அதை வரைஞ்ச நம்ம உதயகுமார் ஜெயிச்சார்?" ஜெயித்தார், எனக்கும் பெருமைதான். ஆனால் 2009இல் மத்திய அரசு அறிவித்த அந்தப் போட்டிக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம். வந்தவை 3000க்கும் மேல். வென்றவருக்கு இரண்டரை லட்சம், கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேருக்கு ஆளுக்கு 25,000. மற்றவர்கள் உழைப்போடு 500 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தவர்கள். நாட்டின் நாணயத்துக்கு என்றால் நானும் அனுப்பியிருப்பேனோ என்னவோ. பேக்கரிக்கு எதற்கு?

நானும் ஏமாந்தவன்தான். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மூன்று சாம்பிள் கொடுத்தேன். "பார்ட்னர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். நாலு மாதம் கழித்து பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் போர்டில் என் வாழையிலை, பச்சைக்குப் பதில் ஆரஞ்சில். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை உரிமை கைமாறாது. அதை நிலைநாட்ட வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு லோகோ வாங்கலாம். இந்தத் தொழிலில் பாடு முழுக்க எந்த வடிவம் என்று கண்டுபிடிப்பதில்தான். சாம்பிளோடு அது போய்விடுகிறது. மிச்சத்தை யார் வேண்டுமானாலும் கோரல்டிரா மாதிரி டிசைன் மென்பொருளில் இழுத்துவிடலாம்.

ஓசியில் செய்யவே மாட்டேன் என்றில்லை. ஊர்க் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், நண்பர்களின் சிற்றிதழ் அட்டை எல்லாம் செய்கிறேன். அங்கே 'பிடிச்சா' என்ற பேச்சே கிடையாது. கொடுப்பது என்று நானே முடிவு செய்து கொடுப்பது.

மற்றவர்களிடம் இப்போது பென்சில் ஸ்கெட்சுக்கே 2000 ரூபாய் வாங்குகிறேன், வேலை தொடர்ந்தால் பில்லில் கழித்துவிடுவேன். மைசூர்பாக்காரரிடமும் சொன்னேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் மசாலாப் பொடி அரைத்து விற்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டார். தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் ஜிபேயில் அனுப்பிவிட்டு, "தம்பி, செவப்பு மட்டும் வேண்டாம்ப்பா, எல்லா மொளகாப்பொடி பாக்கெட்டும் செவப்பாத்தான் இருக்கு" என்றார்.