ஆடத் தெரியாதவன்தான் விசில் ஊதுவானா?

ஞாயிற்றுக்கிழமை நான் ரெஃப்ரியாக நின்ற கூடைப்பந்து ஆட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பந்தைத் தட்டாமல் அடி எடுத்து வைத்ததாக நான் விசில் ஊதிய அந்த ட்ராவலிங் சரியா தப்பா என்று மறுபடி கிளப்ப வரவில்லை. அதன்பிறகு கேலரியிலிருந்து ஒருவர் கத்தினாரே, "ஆடத் துப்பில்லாதவன்தான்டா ரெஃப்ரியா வர்றான்" என்று, அதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

ஜான் ஷோமர் என்று ஒருத்தர். கூடைப்பந்து பிறந்து 15 வருஷமே ஆன காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவர். 1908 சாம்பியன்ஷிப்பில் பென்சில்வேனியாவுக்கு எதிராக அவர் ஏறக்குறைய 80 அடி தூரத்திலிருந்து போட்ட ஷாட்டை இன்றும் சொல்கிறார்கள். அந்த மனுஷன் பிறகு கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டே பல வருஷம் பிக் டென் என்ற அமெரிக்கக் கல்லூரி அணிகள் கூட்டமைப்பின் ஆட்டங்களில் விசில் ஊதினார். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் ஜம்ப் பால் போட்ட காலம் அது, ரெஃப்ரி பந்தை மேலே எறிய இரண்டு சென்டர்கள் எகிறுவார்கள். எந்த சென்டர் எப்போது இடுப்பால் இடிப்பான் என்று அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆடத் துப்பில்லாதவரா அவர்?

"நூறு வருஷப் பழங்கதை" என்பீர்கள். சரி, லியோன் வுட். 1984 ஒலிம்பிக்கில் மைக்கேல் ஜோர்டானோடு தங்கம் வாங்கியவர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடிவிட்டு அதே என்பிஏவில் ரெஃப்ரி ஆனார். இவருமா?

"ரெஃப்ரி தப்பே பண்ணமாட்டாரா?" பண்ணுவார். நானும் பண்ணியிருக்கிறேன். தப்பைச் சொல்லுங்கள், ஸ்கோர் டேபிளில் வந்து எழுதிக் கொடுங்கள். அப்பன் ஆத்தாளை இழுக்காதீர்கள்.

நான் மூன்று வருஷம் கல்லூரி டீமில் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். கடைசி வருஷம் இடது முழங்காலில் லிகமெண்ட் போனது. ஆபரேஷனுக்கு வீட்டில் பணமில்லை. கோர்ட்டை விட்டுப் போக மனசு வராமல்தான் ரெஃப்ரி பரீட்சை எழுதினேன். இன்றைக்கும் நாலாவது குவார்ட்டரில் அந்தக் கால் வீங்கும், முழங்கால் உறையை இறுக்கிக்கொண்டு ஓடுகிறேன். கிடைப்பது பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போகும்.

ஷோமரை 1959இல் கூடைப்பந்துப் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதுகூட ஆட்டக்காரராகத்தான் சேர்த்தார்கள். அத்தனை வருஷம் ஊதிய விசிலுக்குத் தனியாக ஒரு இடமில்லை. அவருக்கே அப்படியென்றால் எங்களுக்கு மாலை மரியாதை யார் கேட்டது?

அன்றைக்குக் கேலரியில் என் மகனும் இருந்தான், எட்டு வயசு. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க நெஜமாவே ஆடினதே இல்லையா?" என்றான். வீடு வந்ததும் பரணில் ஏறி டீம் போட்டோவைத் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.