மூன்றாக உடையும் மேற்கோள் குறி

அண்ணை, எழுத்துரு இல்லாததால்தான் உப்புவெளி விடுதியின் விலைப்பட்டியலில் ‘டுடேய்ஸ்’ (Today’s) சொல்லின் வளைந்த மேற்கோள் குறி சிதைகிறது என்பது பிழை. எழுத்துரு இல்லையென்றால் வெறும் பெட்டிதான் வரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலில் அந்தக் குறியின் எண் 8217. அந்த எண்ணைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது 226, 128, 153 என்று மூன்று பைட். விலைப்பட்டியலின் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல் விண்டோஸ்-1252 என்ற பழைய முறையில் எழுதியது என்று எடுத்துக்கொண்டால், பைட்டுக்கு ஒன்றாகத் தொப்பி போட்ட ஏ (â), யூரோக் குறி, டிஎம் குறி என்று காட்டும். நேரான குறியின் எண் 39, இரண்டு முறையிலும் அதே ஒற்றை பைட், அது தப்பிவிடும்.

டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ கொடுத்து, ஃபைல் ஒரிஜினில் யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 தெரிவுசெய்யுங்கோ. சிதைந்தபடியே யூடிஎஃப்-8 ஆக மட்டும் சேமிக்காதேங்கோ: மூன்று பைட் எட்டாகிவிடும், பிறகு சரியாகத் திறந்தாலும் அந்தக் கோலம்தான் வரும். புது எழுத்துரு எத்தனை போட்டாலும் இதில் ஒரு பைட்டும் மாறாது.